சேவல் கூவும் மொழி: புவேர்ட்டோ றிக்கோ இலக்கியத்தில் ஆங்கிலக் கல்வி

அபெலார்தோ தீயாஸ் அல்பாறோவின் 'தெறாசோ' என்னும் கதைத்தொகுதி 1947ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கரிபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ றிக்கோத் தீவின் மலைநாட்டு விவசாயிகளிடையே சமூக சேவையாளராகப் பணியாற்றிய ஓர் எழுத்தாளர், தாம் கண்டும் கேட்டும் அறிந்த வாழ்வினை எழுத்திற் பதித்த நூல் அது. அத்தொகுதியில் இடம்பெறும் 'பெயோ மெர்சே ஆங்கிலம் கற்பிக்கிறார்' என்னும் சிறுகதை சில பக்கங்களுள் முடிந்துவிடுவது. எனினும் ஸ்பானிய மொழி பேசும் ஒரு சமுதாயத்தின்மீது ஆங்கிலம் போதனாமொழியாகச் சுமத்தப்பட்ட அரை நூற்றாண்டு வரலாற்றினை அதனைப்போலச் செறிவாகக் காட்டும் ஆக்கம் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. கதையின் இறுதியிலே ஒரு பெருஞ்சிரிப்பு எழுகின்றது. வாசகனும் அதிலே கலந்துகொள்கிறான். அச்சிரிப்பு யாருடையது, அதனாற் பயனடைந்தோர் யார் என்ற வினாவை எழுப்பாமலே கதையை மூடிவைத்துவிடவும் முடிகிறது. அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது கதைக்குச் செய்யும் அநீதியாகாது.

கதையின் பின்னணியைச் சுருங்கக் கூறலாம். 1898ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்கப் படைகள் தீவிலே தரையிறங்கின. நான்கு நூற்றாண்டுக் கால ஸ்பானிய ஆட்சி அவ்வாண்டோடு முடிவுற்றது. தீவின் பெயரைக்கூட ஆங்கில நாவுக்கு இசைவாக 'போர்ட்டோ றிக்கோ' என எழுதிவந்த ஆட்சியாளர் 1932இலேதான் பழைய எழுத்துமுறையை மீள ஏற்றனர். 1902ஆம் ஆண்டுச் சட்டம் இரு மொழிகளையும் அரச அலுவல்களுக்கு உரியனவாக்கியது. பாடசாலையிலோ அத்தகைய சமநிலை நிலவவில்லை. கல்வி ஆணையாளரை நியமிக்கும் உரிமை வாஷிங்டனிடம் இருந்தமையால் ஆணையாளர் மாறுந்தோறும் மொழிக்கொள்கையும் மாறிற்று. 1905 முதல் எல்லா வகுப்புகளிலும் ஆங்கிலமே போதனாமொழியாயிற்று. 1916இலே கீழ்வகுப்புகளுக்கு ஸ்பானிய மொழி திரும்பி வந்தது. 1934இலே ஹொசே பாதீன் என்னும் ஆணையாளர் தாய்மொழிக்குரிய இடத்தை மேலும் விரிவாக்கினார். 1937இலே ஜனாதிபதி றூஸ்வெல்ட், புதிய ஆணையாளருக்கு எழுதிய கடிதத்தில் ஆங்கிலத்தை வற்புறுத்தினார். தீவு மக்கள் தம் ஆளுநரைத் தாமே தெரிவுசெய்தது முதன்முறையாக 1948இலேதான். அதற்கடுத்த ஆண்டிலே ஸ்பானிய மொழி எல்லா வகுப்புகளுக்கும் போதனாமொழியாகி, ஆங்கிலம் கட்டாய பாடமாக மட்டும் எஞ்சியது. மாணவர் இடையிலே நிற்க, மேலே கட்டளைகள் மாறிமாறிச் சென்ற காலமே பெயோ மெர்சேயின் காலம்.

பெயோ மெர்சே, லா குச்சீயா என்னும் மலைக்கிராமத்தின் முதிய பள்ளியாசிரியர். அவருக்கு மேலேயுள்ள வித்தியாதரிசி புதிய கொள்கைகளின் காவலர். தொகுதியிலுள்ள வேறொரு கதையிலே நத்தார் காலத்திற்குக் கிராமத்தவர் அறிந்திராத சாந்தா குளோசைக் கொண்டுவந்து, செவ்வுடை தரித்த அவ்வுருவைக் கண்டு மக்கள் சிதறியோடும்படி செய்தவரும் அவரே. அக்கலவரத்தின் பின்னர், ஆங்கிலம் புறக்கணிக்கப்படுகின்றது, இனி அம்மொழியிலேயே கற்பிக்கவேண்டும் என்ற கட்டளை பெயோவை வந்தடைகிறது. வேலை போய்விடலாம் என்ற எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்தே வருகின்றது. பெயோவுக்கோ ஆங்கிலம் அரைகுறை. வெறுங்காலோடு வந்து வாங்கிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதுவுமில்லை. பாடப்புத்தகத்தைப் புரட்டிச் செல்லும் அவர் கண்ணில் ஒரு சேவலின் படம் படுகின்றது. அப்பாடா என்றிருக்கிறது அவருக்கு. அவர் பிள்ளைகளுக்குச் சேவலைத் தெரியாதா? படத்தைக் காட்டி ஆங்கிலப் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறார். பின்னர் புத்தகத்தில் உள்ளவாறே, ஆங்கிலத்திலே சேவல் 'கொக்கடூடில்டூ' எனக் கூவும் என்கிறார். சிறுவனொருவன் இதனை ஏற்பதாயில்லை. அமெரிக்கச் சேவல் ஒருவேளை அவ்வாறு கூவக்கூடும், தன் வீட்டுச் சேவல் தெளிவாகக் 'கொக்கொறோக்கோ' என்றுதான் கூவுகிறது என்கிறான். ஆசிரியர் வெடித்துச் சிரிக்கிறார். வகுப்பே சிரிக்கிறது. அமளியைக் கேட்டுத் திடுக்கிட்ட சேவலொன்று வெளியே சிறகடித்துத் தன் மொழியிலே கூவுவதோடு கதை முடிகின்றது.

இக்கதையின் ஆற்றல் அதன் நகைச்சுவையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பெயோ தேர்ந்தெடுத்த பொருள் எது என்பதே இங்கு நோக்கத்தக்கது. கிராமத்தார் கண்டிராத ஒரு பொருளை அவர் எடுத்திருந்தால் பிள்ளைகள் வாய்மூடி அதனை மனனஞ் செய்திருப்பர். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் மோதல் எழ இடமிராது. தெரிந்த பொருளிலிருந்து தெரியாத மொழிக்குச் செல்லுதல் என்ற நல்லாசிரியனின் வழியையே பெயோ பின்பற்றினார். பாலம் அமைத்த இடத்திலேயே பாலம் முறிந்தது. நாய் குரைப்பதையும் சேவல் கூவுவதையும் ஒவ்வொரு மொழியும் தன் ஒலிகளைக் கொண்டே கேட்கின்றது. கொக்கரக்கோ எனக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு அச்சிறுவனின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆங்கிலச் சொல்லொன்றைக் கற்பது வேறு, தன் வீட்டு முற்றத்தில் விடியற்காலையிற் கேட்ட ஒலியே பிழை எனக் கற்பது வேறு. சிறுவன் மறுத்தது இரண்டாவதையே. அவன் அமெரிக்கச் சேவலைக் குறிக்க வழங்கும் சொல், சண்டைக்கு உதவாத பெரிய சேவலைச் சுட்டுவது. அவன் வீட்டிலுள்ளதோ போர்ச்சேவல். அமெரிக்க ஆட்சியின் தொடக்கத்திலே தடைசெய்யப்பட்ட சேவற்சண்டை 1933இலேதான் மீண்டும் சட்டபூர்வமாயிற்று என்பதை அறிந்த தீவு வாசகருக்கு இச்சொல்லின் கூர்மை எளிதிற் புலப்படும்.

கதையிலே ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் மட்டும் மோதவில்லை என்பதும் கவனிக்கவேண்டியது. ஹீபறோ எனப்படும் மலைநாட்டு உழவரின் கொச்சையிலேயே சிறுவன் பேசுகிறான். எழுத்து ஸ்பானியத்தில் ஒலிக்கப்படாத எழுத்து அவன் வாயிலே கரகரத்து ஒலிக்கிறது. அவ்வொலிப்பைத் தீயாஸ் அல்பாறோ எழுத்துக்கூட்டலிலேயே காட்டுகிறார். ஆனால் கதைசொல்லியின் நடையோ அணிகள் மலிந்தது. இறுதியிற் சேவல் கூவும் வாக்கியம் பட்டும் உலோகமும் மின்னும் செவ்வியல் ஸ்பானியத்தில் அமைந்தது. சிறுவனின் பேச்சை எழுத்தாளர் மதிக்கிறார். அதிலே கதை சொல்ல அவர் துணியவில்லை. ஆங்கிலம் அகன்று ஸ்பானிய மொழியே பாடசாலையில் ஏறியிருந்தாலும், 'அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்' என்று அச்சிறுவன் திருத்தப்பட்டே இருப்பான். தாய்மொழிக் கல்வி என்னும்போது எத்தாயின் மொழி என்ற கேள்வி கதையின் நடையிலேயே பொதிந்து கிடக்கின்றது. ஆசிரியர் அதனை உணர்ந்து செய்தாரா என்பதைக் கதையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது.

இனிச் சிரிப்புக்கு வருவோம். கட்டளையிட்டவன் தோற்றான் என்ற மகிழ்ச்சி அதிலுண்டு. அது நியாயமான மகிழ்ச்சியே. ஆயினும் அன்று மாலை பெயோ வீடு திரும்புகையில் அவருடைய வேலை அவரிடமே இருக்கின்றது. வித்தியாதரிசிக்கு ஏதேனும் ஒரு விடை எழுதிச் சமாளிக்க அவருக்குத் தெரியும். சிறுவனோ ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் கற்காமல், தன்னுடைய மொழியில் ஒரு வரியும் எழுதப் பழகாமல் வீடு செல்கிறான். தீவின் வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலம் நன்கு கற்பிக்கும் தனியார் பாடசாலைகளுக்கு அனுப்பினர். 1949இன் பின்னரும் அப்பாடசாலைகளிற் பல ஆங்கிலத்திலேயே கற்பித்துவந்தன. சேவலின் பாடம் அவ்வகுப்பறைகளில் நகைப்புக்கு இடமாகியிராது. ஆங்கிலத்தைச் சிரித்து விரட்டுவது ஏழைப் பாடசாலைக்கு மட்டும் வாய்த்த வெற்றி. கதை இதனைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. ஆனால் கதையை ஒரு தேசியச் சின்னமாக்கி மேற்கோள் காட்டுவோர் இதனை மறத்தலாகாது.

காலக்கணக்கைப் பார்த்தாலே விடயம் தெளிவாகும். 1917 முதல் அமெரிக்கப் பிரசைகளாயிருந்த தீவு மக்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேலை தேடி இலட்சக்கணக்கில் நியூயோர்க்கை நோக்கிச் சென்றனர். லா குச்சீயாவில் அன்று சிரித்த பிள்ளைகள் 1950களிலே தொழிற்சாலை வாயிலிலும் வைத்தியசாலையிலும் வீட்டுக்காரன் முன்னிலையிலும் ஆங்கிலம் தெரியாது நின்ற இளைஞர் தலைமுறையினர். சேவலின் குரலைப் பற்றிய விவாதம் அங்கே எழவில்லை. வாடகை எவ்வளவு என்பதே கேள்வி.

அந்த மறுகரையைத் தீவிலிருந்து நோக்கிய எழுத்தாளரும் உளர். அனா லிதியா வேகாவின் 1977ஆம் ஆண்டுச் சிறுகதையின் தலைப்பு, தீவுப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கப் பாடும் ஒரு பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கோழிக்குஞ்சு, கோழி, பென்சில், பேனா எனச் சொற்களை ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இணைத்துச் செல்லும் பாட்டு அது. பெயோவின் சேவல் முப்பது ஆண்டுகளின் பின் குஞ்சு பொரித்துவிட்டது போலும்! நியூயோர்க்கிலே வளர்ந்து விடுமுறைக்காகத் தீவுக்கு வரும் ஒரு பெண், இரு மொழிகளும் வாக்கியந்தோறும் கலந்த நடையிலே அங்கதமாகச் சித்திரிக்கப்படுகிறாள். தன் இனத்தாரை வெறுக்கும் அவள், தன்னை மறந்த கணத்திலே தீவின் விடுதலை முழக்கத்தைக் கூவிவிடுகிறாள். வேகாவின் கைத்திறன் மறுக்கவொண்ணாதது. எனினும் நியூயோர்க்கிற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய நிக்கொலாசா மோர், அங்குள்ள புவேர்ட்டோ றிக்கோ மக்கள் அவ்வாறு பேசுவதில்லை எனக் கண்டித்தார். இக்கண்டனம் பொருள் பொதிந்தது. கலப்புமொழி பேசுவோருக்கும் அதற்கென ஒழுங்கு உண்டு, தேவையும் உண்டு. அதனை வெறும் சீர்கேடாகக் கண்டு நகைக்கும் கற்றோர், சேவலின் குரலைத் திருத்தவந்த வித்தியாதரிசியின் ஆசனத்தில் தம்மையறியாமலே அமர்ந்துவிடுகின்றனர்.

சிறுவனின் பக்கத்திலிருந்து கதையைத் தொடர்ந்தவர் என எஸ்மெறால்டா சந்தியாகோவைக் குறிப்பிடலாம். 1948இற் பிறந்த அவர் 1961இலே தாயோடு புறூக்லினுக்குச் சென்றவர். 'நான் புவேர்ட்டோ றிக்கோப் பெண்ணாயிருந்தபோது' என்ற அவரது நினைவுநூல் 1993இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் முற்பகுதியிலே மக்கூன் கிராமத்துப் பள்ளிக்கூடம் வருகின்றது. தீவிலே விளையாத பழங்களையும் காய்கறிகளையும் படத்திற் காட்டி, இவற்றை உண்ணுங்கள் என அமெரிக்க நிபுணர் தாய்மாருக்குப் போதிக்கின்றனர். பிள்ளைகளோ பொருளறியாமலே ஆங்கிலப் பாட்டுகளை ஒலியாக மனனஞ் செய்கின்றனர். இது பெயோவின் வகுப்பறையேதான். சந்தியாகோவும் அதனை நகைச்சுவையோடுதான் எழுதுகிறார்.

ஆனால் புறூக்லினில் நகைச்சுவையின் நிறம் மாறுகின்றது. ஆங்கிலம் தெரியாத காரணத்தால் ஒரு வகுப்புக் கீழே இறக்க முற்படும் பாடசாலை அதிபரிடம், கைக்கெட்டிய நாலைந்து ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சிறுமி பேரம் பேசுகிறாள். இலக்கணம் சிதைந்த அப்பேச்சு வெற்றி பெறுகின்றது. எட்டாம் வகுப்பில் அவளுக்கு இடங் கிடைக்கின்றது, கற்றலிற் பின்தங்கியோருக்கான பிரிவிலேதான் என்றாலும். பின்னர் நூலகத்திலே சிறு குழந்தைகளின் படப்புத்தகங்களை எடுத்துப் பெயர்ச்சொற்களைக் கற்கிறாள். பொதுநல உதவி அலுவலகத்திலே தாய்க்காக மொழிபெயர்க்கும் இடம் நூலின் மிகக் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. தான் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தாலும், காலத்தை மாற்றிச் சொன்னாலும் வீட்டுக்கு உதவிப்பணம் மறுக்கப்பட்டுவிடுமோ என அவள் அஞ்சுகிறாள். வினைச்சொல்லின் காலங்காட்டும் உருபு குடும்பத்தின் உணவாக மாறிவிட்ட நிலை அது. லா குச்சீயாவிலே பிழை சிரிப்பாயிற்று. இங்கே சிரிக்க எவருமில்லை. நடிப்புக் கலைக்கான உயர்பாடசாலையின் நேர்முகத் தேர்வுக்கு, பொருளை முற்றும் உணராமலே ஓர் ஆங்கில உரையை ஒலி ஒலியாக அவள் மனனஞ் செய்கிறாள். 'கொக்கடூடில்டூ'வைக் கற்ற அதே முறைதான். அன்று கட்டளைக்காகச் செய்தது, இன்று தான் விரும்பிய ஒரு கதவு திறப்பதற்காகச் செய்யப்படுகின்றது. முறை ஒன்றே ஆயினும் மொழி இப்போது அவள் கைக்கு வந்துவிடுகிறது.

இதனைக்கொண்டு ஆங்கிலமே விமோசனம் என நூல் கூறுவதாகக் கொள்வது தவறு. நூலின் தலைப்பிலுள்ள இறந்தகாலமே அதற்கு விடை. ஒருத்தி தன் இனத்தவளாய் இருந்தது எப்போது முடிவுற்றது? தீவின் வாசகர் சிலருக்கு அத்தலைப்பு உவப்பாயிருக்க நியாயமில்லை. அந்நூல் வெளிவந்த 1993ஆம் ஆண்டிலேயே, இரு ஆண்டுகளுக்கு முன் ஸ்பானிய மொழியை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் நீக்கப்பட்டு, இரு மொழிகளும் மீண்டும் சம நிலை பெற்றன. சட்டம் இவ்வாறு முன்னும் பின்னும் சென்றுகொண்டிருக்கையில் சந்தியாகோ தம் நூலைத் தாமே ஸ்பானியத்தில் எழுத அமர்ந்தார். அப்பதிப்பு 1994இல் வெளிவந்தது. ஸ்பானிய மொழியிலே நிகழ்ந்தவற்றை முதலில் ஆங்கிலத்தில் எழுதிய அவர், அவற்றை மீண்டும் தாய்மொழிக்குக் கொண்டுவர முயன்றபோது, தாம் ஸ்பானியம் என எண்ணிப் பேசிவந்தது இரு மொழிகளும் கலந்த ஒன்று எனக் கண்டதாக அதன் முன்னுரையிலே ஒப்புக்கொள்கிறார். மக்கூனில் அவருக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லாதிருந்த சொற்களை, அகராதியின் துணையோடு அவர் தேடவேண்டியிருந்தது.