ஐஸ் பக்கெட் சேலஞ்ச்: இரண்டாம் வருஷம் ஏன் ஓடவில்லை?

"இந்தக் காலத்துப் பசங்க லைக் போடுவாங்க, காசு போடமாட்டாங்க" என்பவர்களுக்கு 2014-ஐ நினைவூட்டுவேன். தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ் நோய்க்காக, அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்கு அந்தக் கோடையில் வந்தது சுமார் 11.5 கோடி டாலர். பணமும் வீண்போகவில்லை. 2016-இல் இந்த நோயோடு தொடர்புள்ள என்இகே1 மரபணுவை அடையாளம் கண்ட ஆய்வுக்கு அதில் ஒரு பங்கு போனது.

என் விமர்சனம் வேறு. 2015-இல் அதே சேலஞ்சைத் திரும்ப நடத்தினார்கள். வசூல் பழைய தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. என் கணிப்பு: நண்பன் பேர் சொல்லிக் கூப்பிட்டதால் சேர்ந்த கூட்டம் அது, நோயைத் தெரிந்து சேர்ந்ததல்ல. நானே சாட்சி. ஆபீஸ் மொட்டைமாடியில் ஊற்றிக்கொண்டேன், வீடியோ போட்டேன். ஒரு பைசா அனுப்பவில்லை. ஏஎல்எஸ் என்றால் என்னன்னு தேடிப் படித்ததே சில வருஷம் கழித்துத்தான்.

இன்று இதைக் காப்பியடிக்கும் அமைப்புகள் வாளியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. "நீ போட்ட காசில் இது நடந்தது" என்று கொடுத்தவனிடம் திரும்பிப்போய்ச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் அவனைக் கூப்பிட வாளி தேவைப்படாது.