யாளிக்கு விலை இல்லை

பழைய நகைகளைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் எடையைத்தான் புகழ்கிறார்கள். "அந்தக் காலத்துக் கெட்டித் தங்கம், ஸார்!" என்பதோடு ரசனை முடிந்துவிடுகிறது. உண்மையில் அவற்றில் பல கெட்டியே அல்ல. மெல்லிய தகட்டைப் புடைத்து, உள்ளே அரக்கு நிரப்பியவை.

என் பாட்டியின் யாளிமுகக் காப்பும் அப்படித்தான். இரண்டு யாளிகள் முகத்தோடு முகம் முட்டி நிற்கும். முட்டுகிற இடத்தில் திருகாணி. காப்பு திறக்கிற ஒரே இடத்தை மறைக்கவும் காக்கவும் பத்தர் அந்த மிருகங்களை அங்கே நிறுத்தியிருந்தார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் இந்தப் புத்தியைக் காணலாம். அரைப்பட்டிகை முன்னால் பூட்டும் இடத்தில் சிங்கமுகம். நடராஜரின் வலக் காதில் மகர குண்டலம். முதலை வாயும் மீன் உடலும் கொண்ட அந்த மகரம் வளைந்தால் அதுவே தோடாகிவிடுகிறது. கற்பனை மிருகம்தான், ஆனால் சும்மா இருக்கும் மிருகம் அல்ல.

இன்று 'ஆன்டிக்' என்று மங்கல் மெருகு கொடுத்து விற்கும் நகைகளில் எனக்குள்ள குறை இதுதான். அச்சில் அடித்த யாளியும் அன்னமும் இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கதைக்கு வேண்டாத வர்ணனையைப் போல, எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

இப்படிப் பேச எனக்கு யோக்கியதை குறைவு. ஒரு கலியாணத்துக்காகப் பாட்டியின் காப்பை அழித்து வளையல் செய்தோம். கடையில் அரக்கின் எடையைக் கழித்தார்கள். புது வளையலுக்குச் செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுத்தோம். பழைய யாளியைச் செய்த கைக்கு என்ன கூலி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலில், ராஜராஜன் அளித்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்து, அரக்கும் சரடும் உட்படக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷமாகக் கணக்கு இருக்கிறது, நகைகள் இல்லை. எடையை எழுதிவிடலாம், கைவேலையை எப்படி எழுதுவது?

உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு காப்பு இருந்தால், அழிப்பதற்கு முன் ஒரு தரம் திருகாணியைக் கழற்றி, மறுபடி பூட்டிப் பாருங்கள். பத்தர் என்ன நினைத்துச் செய்தார் என்பது அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகும் அழிக்க மனம் வந்தால், அது உங்கள் சௌகரியம்.