மாணவர் வளர்த்த இசையரங்கு

இசையைப் பற்றிக் கற்பது வேறு. இசைத்துக் கற்பது வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியாக மேலைநாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் சிறு இசைக்குழுக்கள் இயங்கி வருகின்றன. ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் வழங்கிய இசையைப் ‘பரோக்’ இசை என்பர். மாணவர் சிலர் கூடி, அக்காலக் கருவிகளைப் போலவே செய்யப்பட்ட கருவிகளைக் கொண்டு, அவ்விசையை அரங்கில் வழங்குகின்றனர். இவ்வரங்குகளை மதிப்பிட வருவோர் பெரும்பாலும் எழுப்பும் வினா ஒன்றே: ‘இஃது அக்காலத்து ஒலிதானா?’ இவ்வினா தவறானதன்று, ஆயினும் போதியதன்று. ஏன் போதாது என்பதை உணர, இத்தகைய மாணவர் குழுக்களுக்கு முன்னோடியாக விளங்கிய ஒரு குழுவின் வரலாற்றைக் காண்பது நலம்.

லைப்சிக் நகரின் இசை மன்றம்

ஜெர்மனியிலுள்ள லைப்சிக் பல்கலைக் கழகம் 1409ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1701ஆம் ஆண்டில் சட்டம் பயில அங்கு வந்து சேர்ந்தார் டெலிமன் என்னும் இருபது வயது இளைஞர். அவர் இசையைக் கைவிட்டுச் சட்டம் படிக்க வேண்டும் என்பது அன்னையின் விருப்பம். ஆனால் இசை அவரைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே மாணவர்களைத் திரட்டி, ‘கொலீஜியம் மூசிக்கும்’ என்னும் இசை மன்றத்தைத் தோற்றுவித்தார். சிற்சில வேளைகளில் நாற்பது மாணவர் வரை அதில் கூடியதாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். ஒன்று ஈண்டுக் கருதத் தக்கது: இம்மன்றத்தைப் பல்கலைக் கழகம் நிறுவவில்லை, மாணவர்களே நிறுவினார்கள்.

டெலிமன் 1705இல் வேறு ஊர் சென்ற பின்னரும் மன்றம் நின்றுவிடவில்லை. 1729இல் அதன் தலைமை யோகான் செபாஸ்தியன் பாக்கிடம் வந்தது. அவர் 1723 முதல் அந்நகரின் தாமசு தேவாலயப் பள்ளியில் இசைத் தலைவராக இருந்தவர். 1737 முதல் 1739 வரை இடையில் விலகியிருந்த காலம் நீங்கலாக, ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் மாணவர் குழுவை நடத்தினார்.

அரங்கு எங்கே நடைபெற்றது? அரண்மனையில் அன்று, ஆலயத்தில் அன்று, ஒரு காப்பிக் கடையில்! கதரீனா தெருவிலிருந்த சிம்மர்மன் என்பாரின் காப்பிக் கடையில் குளிர்காலத்தில் வெள்ளிதோறும் இரவு 8 மணி முதல் 10 மணி வரையும், வேனிற்காலத்தில் நகர வாயிலுக்கு வெளியே அவருடைய தோட்டத்தில் புதன்தோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரையும் இசை நிகழ்ந்தது. ஆண்டுக்கு மூன்று முறை கூடும் பெருஞ்சந்தைக் காலங்களில் வாரம் இருமுறை அரங்கு கூடியது. கேட்க வந்தவர்களிடம் கட்டணம் கேட்கவில்லை. காப்பி விற்பனையே கடைக்காரருக்குக் கிடைத்த ஊதியம். 1736இல் வெளிவந்த ஓர் இசை இதழ், இம்மன்றத்தின் உறுப்பினர் பெரும்பாலும் மாணவர் என்றும், அவர்களிடையே நல்ல இசைவாணர் எப்பொழுதும் உண்டு என்றும், அவருள் சிலர் பின்னர்ப் பெரும்புகழ் எய்துவர் என்றும் குறிக்கின்றது.

ஒரு விண்ணப்பம் காட்டும் உண்மை

மாணவர்கள் இல்லாவிடில் அந்நகரின் இசை என்னவாகும் என்பதைப் பாக் நன்கு அறிந்திருந்தார். 1730 ஆகஸ்ட் 23ஆம் நாள் நகர மன்றத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பம் இதற்குச் சான்று. தேவாலய இசைக்குக் கருவி இசைப்போர் பதினெண்மராவது வேண்டும். இருபதின்மர் இருப்பின் நன்று என்று அதில் கணக்கிடுகின்றார். நகரம் ஊதியம் கொடுத்து வைத்திருந்தவர்களோ எண்மர். அவர்களுள் ஒருவர் தொழில் பழகுபவர். எஞ்சிய இடங்களை மாணவர்களைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்தது. முன்னர் மாணவர்களுக்குச் சிறு உதவித் தொகை கிடைத்தது. அத்தொகை நிறுத்தப்பட்டதும் அவர்தம் ஆர்வமும் நின்றுவிட்டது என்று பாக் மனம் வருந்தி எழுதுகின்றார். திரெஸ்டன் நகரில் அரசரின் ஊதியம் பெற்றுக் கவலையின்றி ஒரே கருவியில் தேர்ச்சி பெறும் இசைவாணர்களை எடுத்துக்காட்டி, அந்நிலைக்கும் இந்நிலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டுகின்றார்.

தேவாலயத்துக்கு மாணவர் கிடைப்பது அரிதாகிய அதே காலத்தில் காப்பிக் கடையில் அவர்கள் விருப்புடன் கூடினார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. கடமையாகக் கேட்கப்பட்டபோது தயங்கிய கைகள், தாமே அமைத்த மன்றத்தில் தயங்கவில்லை. ஆயினும், ஆர்வம் உள்ளவர்க்கு ஊதியம் எதற்கு என்று கூறுவார்க்கு இவ்விண்ணப்பம் தக்க மறுமொழியாக நிற்கின்றது. ஆர்வம் ஒரு விளக்கு. அதற்கும் எண்ணெய் வேண்டும்.

ஏவற் கருவி ஏற்றம் பெற்றது

இம்மன்றத்தில் இசைக்கப்பட்டது பழைய இசையன்று என்பதை இன்றைய திறனாய்வாளர் பலர் மறந்துவிடுகின்றனர். பாக்கின் உறவினராகிய யோகான் பெர்னார்டு பாக் இயற்றிய இசைத் தொகுதிகளும், இத்தாலி மொழியில் ஹாண்டெல் இயற்றிய இசைப்பாடலும் இக்குழுவுக்காகப் படியெடுக்கப்பட்டன. அப்பொழுது இவை பெரும்பாலும் வாழ்ந்து கொண்டிருந்தவர்களின் ஆக்கங்கள். பிக்காண்டர் என்னும் கவிஞர் எழுத, 1734 அளவில் பாக் இசையமைத்த ‘காப்பிப் பாடல்’ இவ்வரங்கின் சூழலையே பொருளாகக் கொண்டது. காப்பியை விட்டுவிடுமாறு மகளை மிரட்டும் தந்தையும், கணவனைத் தேடித் தந்தால் விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு, காப்பிக்கு இசைபவனே கணவனாகலாம் என்று மறைவில் ஏற்பாடு செய்யும் மகளும் அதன் மாந்தர். தேவாலயத்தில் உருகும் பாக் இங்கே நகைக்கின்றார்.

இதனினும் பெரிய மாற்றம் ஒன்று இம்மன்றத்தோடு தொடர்புடையது. ஹார்ப்சிக்கார்ட் என்பது இறகு முனையால் தந்தியைச் சுண்டி ஒலிக்கும் கட்டைக் கருவி. அதுகாறும் குழுவில் அது பெரும்பாலும் பிற கருவிகளுக்குத் துணை நின்றது. 1733இல் அரசர் மறைவுக்குரிய துக்கக் காலம் முடிந்து அரங்கு மீண்டும் தொடங்கியபோது, நகர் அதுவரை கேட்டிராத புதிய ஹார்ப்சிக்கார்ட் ஒன்று இசைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. 1738 அளவில் பாக் தம் கையாலேயே எழுதிய படியில் இக்கருவியைத் தலைமையாகக் கொண்ட ‘கான்செர்ட்டோ’க்கள் பல உள்ளன. வயலின் முதலிய கருவிகளுக்காக முன்னர் இயற்றியவற்றையே அவர் இவ்வாறு மாற்றியமைத்தார் என்பது அறிஞர் முடிவு. விவால்டி நான்கு வயலின்களுக்கு இயற்றிய ஓர் இசையை நான்கு ஹார்ப்சிக்கார்ட்டுகளுக்கு உரியதாக்கினார். ஏவல் செய்த கருவி இவ்வாறு அரியணை ஏறியது. ஆசிரியரும் மாணவரும் வாரந்தோறும் கூடி ஆய்ந்து பார்க்கும் களம் இருந்ததால் அன்றோ இது கைகூடிற்று!

மாறிய உருவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பாக்கைப் பெரும்பாலும் சமயத் தொண்டராகவே கண்டனர். ஆனால் 1957இலும் 1958இலும் ஆல்பிரட் டூர், கேயார்க் பான் டாடெல்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் அவ்வோவியத்தை மாற்றின. தாளின் நீர்க்குறிகளையும் கையெழுத்து வேறுபாடுகளையும் ஒப்பிட்டு, லைப்சிக்கில் பாக் இயற்றிய தேவாலயப் பாடல்களுள் மிகப் பல அங்கு வந்த முதற் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டன என அவர்கள் நிறுவினர். அப்படியாயின் 1729க்குப் பின் அவர் உழைப்பின் பெரும்பகுதி எங்கே சென்றது? விடையின் ஒரு பகுதி காப்பிக் கடையில் உள்ளது. சுவடி ஆராய்ச்சியும் காலக் கணிப்பும் ஒரு புலவனைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிவிடக் கூடும் என்பதைத் தமிழ் கற்பிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கருவியா, முறையா?

1908இல் லைப்சிக் பல்கலைக் கழகத்தில் இசைப் பேராசிரியர் ஊகோ ரீமன் பழைய பெயரிலேயே ஒரு மாணவர் மன்றத்தை ஏற்படுத்தினார். பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் பவுல் ஹிண்டெமித் இத்தகைய குழுவை நடத்தினார். பாக் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1950இல் ஹாம்பர்க் நகரில் உரையாற்றிய ஹிண்டெமித், அவர் எண்ணியவாறு அவரிசையைக் கேட்க வேண்டுமாயின் அக்காலத்து இசைப்பு நிலைமைகளையே மீண்டும் அமைக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டில் தத்துவ அறிஞர் அடோர்னோ, பாக்கை அவருடைய அடியார்களிடமிருந்தே காக்க வேண்டியுள்ளது என்னும் கருத்துப்பட ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஒலியைத் தேடுவோர் ஒரு பெருங்கலைஞரைத் தம் காலச் சிறையில் அடைக்கின்றனர் என்பது அவர் கருத்து. அதன்பின் 1980க்குப் பிந்திய ஆண்டுகளில் எழுதிய ரிச்சர்டு தருஸ்கின், பழைய கருவியைத் தாமே இசைத்தவராயினும், ‘பழைய ஒலி’ எனப் போற்றப்படுவது உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் சுவையே என வாதிட்டார்.

இம்மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. பழைய கருவி கற்பிப்பவை பல. குடல் நரம்பு பூட்டிய வயலின் மென்மையாகவும் சற்றே கரகரப்புடனும் பேசும். வெளிப்புறம் வளைந்த பழைய வில் நீண்ட ஒலியைக் காட்டிலும் தெளிவான சிறு சொற்களை எளிதில் தரும். இன்று இக்குழுக்கள் பெரிதும் கைக்கொள்ளும் சுருதி 415 அதிர்வெண். அது வழக்கமான 440ஐக் காட்டிலும் ஏறத்தாழ அரைச் சுரம் தாழ்ந்தது. கருவிகள் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியே கேட்கும். இந்நன்மைகளைப் பேரிசைக் குழுவில் பெறுவது கடினம்.

ஆனால் கருவி மாற்றம் மட்டும் லைப்சிக் மன்றத்தை மீட்டுத் தராது. அக்கால ஏட்டில் அடிநிலைச் சுரங்களும் அவற்றின்மேல் சில எண்களுமே எழுதப்பட்டிருக்கும். ஹார்ப்சிக்கார்ட் இசைப்பவர் அவ்வெண்களைக் கண்டு உடனிசையை அந்நேரத்திலேயே ஆக்கிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட நூலில் பிறர் நிரப்பித் தந்ததை அப்படியே வாசிக்கும் மாணவர், கையில் பழங்கருவி இருந்தும், பழைய கல்வியைப் பெறாதவரே. அவ்வாறே, கோல் அசைப்பார் ஒருவரையே நோக்கி இசைப்பது ஒன்று; அருகிலிருப்பவரின் மூச்சையும் வில்லையும் கேட்டுத் தம் ஒலியை அமைப்பது மற்றொன்று. சிறுகுழு இசையின் உயிர் இரண்டாவதில் உள்ளது.

ஆகவே பல்கலைக் கழகத்துப் பரோக் குழுவின் அரங்கை மதிப்பிடுவோர் மூன்றைக் கேட்டறியலாம். இசைப்போர் ஒருவரையொருவர் கேட்கின்றனரா? எழுதாமல் விடப்பட்டதை அவர்களே ஆக்குகின்றனரா? அவையோர் முன்பு கேட்டிராத ஒன்றேனும் நிரலில் உண்டா? இம்மூன்றும் அமையின், ஒரு சுரம் பிறழினும் அவ்வரங்கு வென்றதாம். இவை இல்லையாயின், குற்றமற்ற ஒலியும் கண்காட்சிப் பொருளே. தொழில்முறைக் குழுவுக்குப் பிழை இழப்பு. மாணவர்க்கோ அது பாடம். மாணவர் அரங்கைத் தொழிலரங்கின் மலிவுப் படியாகக் கருதுவது இருவர்க்கும் நீதியன்று.

1743இல் லைப்சிக் வணிகர்கள் பொருளுதவி செய்து பெருங்குழு ஒன்றைத் தொடங்கினர். பின்னாளில் உலகப் புகழ் எய்திய கெவாண்டவுஸ் இசைக்குழுவின் தோற்றம் அதுவே. வாரந்தோறும் இசை கேட்கும் பழக்கத்தை அந்நகருக்கு ஊட்டி நிலத்தைப் பண்படுத்தி வைத்தவர்கள் மாணவர்களே எனலாம். சிம்மர்மன் 1741இல் மறைந்தார். அவருடைய கடை இருந்த கட்டடம் 1943 டிசம்பரில் குண்டுவீச்சில் அழிந்தது. அன்று ஒலித்த கருவிகளைப் போலச் செய்துவிட இன்று வல்லார் உளர். அவற்றை ஒலித்த இளைஞரின் துணிவைச் செய்து தருவார் எவரும் இலர்; அதைப் பல்கலைக் கழகங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும்.