எலி வளையும் ஆண் பெண் அறிவும்

ஆண் வழியறிவான், பெண் தடுமாறுவாள் என்பதற்கு விலங்கியலைச் சான்று காட்டுவோர் உளர். அச்சான்றின் வலிமை ஆராயத்தக்கது.

1986-இல் அமெரிக்க அறிஞர்களான காலினும் ஃபிட்ஜெரால்டும், வோல் எனப்படும் குறுவால் எலிகளைச் சுற்றுவழிக் கூண்டுகளில் விட்டுச் சோதித்தனர். புல்வெளி வோலில் ஆண் விஞ்சியது. பல பெண்களை நாடி நெடுந்தொலைவு திரிவது அவ்வினத்து ஆண். மண்ணடி வளைகளில் ஒரே துணையோடு வாழும் பைன் வோலில் இருபாலும் ஒத்த பரப்பில் திரியும். அங்கே வேறுபாடு தோன்றவில்லை. எனவே, திறனை வளர்த்தது திரியும் வாழ்க்கையே என்றனர்.

கொள்கை அழகியதே. ஆயினும் ஓரிரு இனங்களைக் கொண்டு உயிர்க்கெல்லாம் விதி வகுத்தல் பொருந்துமா? 2012-இல் கிளின்ட் முதலியோர், தென்னமெரிக்க வளை எலியான டுக்கோ டுக்கோ உட்பட 11 இனங்களை ஒப்பிட்டனர். பெரும்பாலானவற்றில் ஆண் சற்று முந்தியது உண்மை. ஆனால் திரியும் பரப்பின் வேறுபாட்டோடு அது இணைந்து செல்லவில்லை. ஆண் சுரப்புநீரின் பக்கவிளைவாகவும் இருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

ஆக, காரணமே இன்னும் வழக்கில் உள்ளது. மேலும், சராசரி என்பது தனியொருவரின் அளவுகோல் அன்று. நிலப்படமும் வடிவ கணிதமும் நடக்கும் வகுப்பில் மாணவியைப் பின்வரிசைக்கு அனுப்ப எலி வளையில் சான்று தேடுவது வீண்.