எடுக்காத படம் தோற்பதே இல்லை

"மருதநாயகம் மட்டும் வந்திருந்தா..." என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மீதி வாக்கியத்தை நாமே முடித்துவிடுவோம். தமிழ் சினிமா எங்கேயோ போயிருக்கும். 'பாகுபலி'க்கு முன்னாலேயே நாம் அதைச் செய்திருப்போம். எம்.ஜி.ஆரின் 'பொன்னியின் செல்வன்' பற்றியும் இதே பேச்சுதான். இப்போது ஏஐ வேறு கையில் இருக்கிறது. அரை நிமிஷத்தில் போஸ்டர் ரெடி: குதிரைமேல் எம்.ஜி.ஆர்., பின்னால் தஞ்சைப் பெரிய கோயில். (கதை நடக்கும் காலத்தில் அந்தக் கோயிலே கட்டப்படவில்லை. போஸ்டருக்கு அதெல்லாம் கவலையில்லை.)

இந்த விளையாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் நாம் விளையாடும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. நாம் கற்பனை செய்யும் படங்கள் தோற்பதே இல்லை. அவற்றில் இரண்டாம் பாதி இழுக்காது, கால்ஷீட் பிரச்சினை வராது, சம்பந்தமில்லாத இடத்தில் காமெடி டிராக் நுழையாது. வந்த படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கிழித்துத் தொங்கவிடும் நாமே, வராத படத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு நூறு போடுகிறோம்.

இதைச் சரிசெய்ய ஒரே ஒரு விதி போதும் என்று நினைக்கிறேன். வரலாற்றில் ஒரு படத்தைச் சேர்த்தால், பதிலுக்கு ஒரு படத்தை அழிக்க வேண்டும். கலைஞர்களின் காலம், காசு, உடம்பு எல்லாமே அளவுள்ளவை. ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் செலவு எழுதித்தான் ஆகணும்.

எம்.ஜி.ஆரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1958-இல் கல்கியின் நாவலுக்கு உரிமை வாங்கிப் படத்தை அறிவித்தார். வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி என்று பெரிய பட்டியல். படப்பிடிப்பு தொடங்குவதற்குள் விபத்தில் காயம்பட்டார். குணமாக மாதக்கணக்கில் ஆனது, படம் நின்றுபோனது.

அது வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? போஸ்டரை மறந்துவிட்டு யோசிப்போம். அதே 1958-இல் எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' வந்தது. அதில் ஒரு சாமானியன் ராஜாவின் இடத்தில் உட்கார்ந்து மக்களுக்காகச் சட்டம் போடுகிறான். அதற்கு முந்தைய வருஷம்தான் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றிருந்தது. திரையில் பேசப்பட்டது கனவுநாட்டின் ராஜ்ஜியம் அல்ல என்று கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

'பொன்னியின் செல்வன்' நேர் எதிர்த்திசையில் போகிற கதை. ராஜா வேண்டுமா என்ற கேள்வியே அதில் இல்லை. எந்தச் சோழன் அரியணை ஏறுவது என்பதுதான் கேள்வி. கடைசியில் அருள்மொழிவர்மன் தனக்கு வரும் கிரீடத்தை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கிறான். 1958-இன் எம்.ஜி.ஆர். இந்தக் கதையை அப்படியே எடுத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. உழவர்களுக்காக ஒரு பாட்டு வந்திருக்கும். வந்தியத்தேவன் தூதுவனாக இல்லாமல் தலைவனாகியிருப்பான். நந்தினியின் அந்தச் சிக்கலான மனசு வெறும் வில்லியாகச் சுருங்கியிருக்கும். ஐந்து பாகங்களை மூன்று மணி நேரத்துக்குள் அடைத்திருப்பார்கள். ஜாலியான எம்.ஜி.ஆர். படம் ஒன்று கிடைத்திருக்கும், கல்கியின் நாவல் கிடைத்திருக்காது. 2022-இல் மணிரத்னம் படம் வந்தபோது நடந்த "புக்ல இப்படி இல்லையே" சண்டையை நம் தாத்தா பாட்டிகளே போட்டு முடித்திருப்பார்கள்.

இனி செலவுப் பக்கம். அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுத எம்.ஜி.ஆர். ஒரு சின்னப் பையனை அழைத்திருந்தார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவை விமர்சித்துப் பேசிய மாணவர் அவர். பெயர் மகேந்திரன்.

'பொன்னியின் செல்வன்' வெளியாகி நூறு நாள் ஓடியிருந்தால் மகேந்திரன் என்னவாகியிருப்பார்? ராஜா ராணிக் கதைகளுக்கு வசனம் எழுத ஆள் தேடும் ஒவ்வொரு கம்பெனியும் அவர் வாசலில் நின்றிருக்கும். உண்மையான வரலாற்றிலேயே, பல வருஷம் கழித்து சிவாஜி நடித்த 'தங்கப்பதக்கம்' (1974) போன்ற கனத்த வசனப் படங்களுக்கு எழுதியவர் அவர். இயக்குநராக அவர் எடுத்ததோ அதற்கு நேர் எதிரான சினிமா. 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) இரண்டிலும் முக்கியமான விஷயங்கள் பேச்சில் நடப்பதில்லை, முகத்திலும் மௌனத்திலும் நடக்கின்றன. வசனத்தால் ஜெயித்த ஒருவர் வசனத்தைக் கைவிடத் துணிவாரா? இருபது வயதிலேயே ஜெயித்திருந்தால் அந்தச் சலிப்பு வந்திருக்குமா?

எதிர்வாதமும் இருக்கிறது. சீக்கிரம் ஜெயித்திருந்தால் சீக்கிரமே இயக்குநராகியிருப்பார், பத்து வருஷம் முன்னாலேயே நல்ல படங்கள் கிடைத்திருக்கும் என்று சொல்லலாம். ஆனால் பத்து வருஷம் முன்னால் இளையராஜா இல்லை, பாலு மகேந்திராவின் கேமரா இல்லை, முரட்டு அண்ணன் காளியாக நடிக்க ரஜினி இல்லை. வேறு ஏதோ நல்ல படம் வந்திருக்கலாம். 'முள்ளும் மலரும்' வந்திருக்காது.

ஆக, அந்தப் போஸ்டரை நாம் ஆசையாக ஷேர் பண்ணும்போது, அதன் பின்பக்கத்தில் 'உதிரிப்பூக்கள்' அழிந்துகொண்டிருக்க வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு ஓகேவா? எனக்கு ஓகே இல்லை.

'மருதநாயகம்' கணக்கு இன்னும் சுவாரசியமானது. 1997 அக்டோபரில், சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில், இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் வந்து நின்ற தொடக்க விழா. ஆங்கிலேயரை எதிர்த்து 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் கதைக்கு ராணியே விருந்தாளி. அந்த முரண் ஒன்றே தனிப் படமாக ஓடும். பிறகு பணம் நின்றது, படமும் நின்றது. 2000-இல் கமல் தமிழில் தன் முதல் இயக்கமாகக் கொண்டுவந்தது 'ஹே ராம்'.

'மருதநாயகம்' தொடர்ந்திருந்தால் அந்த இரண்டு மூன்று வருஷங்களையும் அதுவே விழுங்கியிருக்கும். 'ஹே ராம்' பிறகு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். காந்தியைக் கொல்லக் கிளம்பும் ஒருவனின் மனசுக்குள் நம்மை உட்கார வைத்த படம் அது. வெளியானபோது கூட்டம் வரவில்லை, இன்றைக்கு வயது ஏற ஏற பலம் கூடுகிறது. யூசுப் கானுக்காக சாகேத ராமனை விட்டுக்கொடுப்பீர்களா? நானென்றால் ரொம்ப நேரம் யோசிப்பேன்.

'ஹே ராம்' தனக்குள்ளேயே ஒரு மாற்று வரலாற்றை வைத்திருக்கிறது. முதலில் அதற்கு இசை எல்.சுப்ரமணியம். அவருடைய பாடல்களுக்குப் படப்பிடிப்பும் நடந்துவிட்டது. அவர் விலகியபின், எடுத்த காட்சிகளை மாற்றாமல், நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி இளையராஜா புதிதாக மெட்டுப் போட்டார். அந்தப் பாடல்களைப் பார்க்கும்போது உதடுகள் அசைவது வேறொரு பாட்டுக்கு, நாம் கேட்பது இன்னொரு பாட்டு. நடக்காமல் போனது நடந்ததற்குள் இவ்வளவு அழகாகப் புதைந்திருக்கும் வேறொரு இடம் தமிழில் எனக்குத் தெரியாது.

சரி, நாம் ஏங்கிய வடிவம் ஒருநாள் கைக்கே வந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் 1966-67-இல் 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, சேர்க்க முடியாமல் கைவிட்டார். பதிலுக்கு வந்தது 'ஸ்மைலி ஸ்மைல்' என்ற சின்ன, விசித்திரமான ஆல்பம். கசிந்த டேப்புகளை வைத்து ரசிகர்கள் ஆளுக்கொரு 'ஸ்மைல்' கோர்த்தார்கள். அது மட்டும் வந்திருந்தால் பீட்டில்ஸே தோற்றிருப்பார்கள் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. 2004-இல் வில்சன் அதை முழுசாக முடித்து வெளியிட்டார். அருமையான ஆல்பம்தான். ஆனால் 24 வயதில் விட்டுப்போனதை 62 வயதுக் குரல் பாடுகிறது. 1967-ஐ அது மாற்றவில்லை. அந்த விரிசல் விழுந்த குரலில் கேட்கும் நடுவருஷங்கள்தான் அதன் அழகே. எந்த ரசிகரின் கற்பனை 'ஸ்மைலி'லும் அந்தக் குரல் இருந்திருக்க முடியாது.

அதனால் விளையாட்டை விடச் சொல்லவில்லை. சரியாக விளையாடினால் விமர்சனத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு படம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை, அது எப்படியெல்லாம் ஆகாமல் போனது என்பதிலிருந்துதான் நன்றாகப் பிடிக்க முடிகிறது. அடுத்த முறை யாராவது "மட்டும் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தால், "எதை எடுத்துக்கிட்டு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் திணறினால் நல்லது. ஏற்கெனவே நம் கையில் இருக்கும் ஒரு படத்தின் விலையை அவர் முதல்முறையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.