‘ஜகாட்’ பெற்ற விருதும் மொழி வேலியும்

மலாய் மொழியில் ‘ஜாஹாட்’ என்பது கெட்டவனைக் குறிக்கும் சொல். நம் தோட்டப்புற மக்களின் நாவில் அது ‘ஜகாட்’ ஆயிற்று. ‘மோஹம்’ மோகமாகவும் ‘மஹா’ மகாவாகவும் திரிந்ததை இலக்கண வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இத்திரிபு வியப்பளிக்காது. தேசிய மொழிச் சொல்லொன்றைத் தமிழ் ஒலியில் தலைப்பாகச் சூடிய அப்படம்தான், 2016இல் தேசிய மொழியில் அமையவில்லை என்னும் காரணத்தால் மலேசியத் திரைப்பட விழாவின் தலையாய பிரிவிலிருந்து ஒதுக்கப்பெற்றது. இம்முரணை விழாக் குழுவினர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் 2015 டிசம்பரில் வெளிவந்த படம் ‘ஜகாட்’. தோட்டங்களை இழந்து நகர்ப்புறக் குடிசைகளில் ஒதுங்கிய மக்களின் தொண்ணூறுகளின் தொடக்கக்கால வாழ்வே அதன் களம். கிள்ளானிலும் கோலாலம்பூரின் ஓரங்களிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இக்களத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அப்போய் என்னும் சிறுவன் குறும்பன், கற்பனை மிக்கவன். தந்தை மணியம் கண்டிப்பினாலேயே அவனைக் கரையேற்ற முயல்கிறார். குண்டர் கும்பலின் கவர்ச்சியோ வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. ‘கெட்டவன்’ என்னும் பெயரைப் பிள்ளையின் நெற்றியில் முதலில் எழுதுபவர் யார் என்பதே படத்தின் வினா. பள்ளியும் அவ்வினாவிற்கு விடைகூறக் கடமைப்பட்டது. ஆசிரியர்கள் இப்படத்தைக் காண வேண்டுவது இதன்பொருட்டே. உரையாடலில் சென்னைத் திரைத்தமிழின் சாயல் இல்லை. மலாய்ச் சொல் விரவிய நம் பேச்சு கூச்சமின்றி ஒலிக்கிறது. படத்தின் பெருஞ்சிறப்பு இதுவென்பேன்.

இத்தகைய படத்தையும், பல இனத்தவர் கூடி ஆடிய தேசியக் காற்பந்துக் குழுவைப் பொருளாகக் கொண்ட சியூ கெங் குவானின் ‘ஓலா போலா’வையும் ‘மலாய் மொழி அல்லாத படங்கள்’ என்னும் பிரிவில் அடைத்தனர். எதிர்ப்பு எழுந்தது. அதில் நம்மவர் குரல் மட்டும் ஒலிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் போன்ற மலாய்க் கலைஞரும் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தனர். நிதியாதரவு நல்கிய வங்கியொன்று விலகிக்கொண்டது. இறுதியில் சிறந்த மலேசியப் படத்திற்கான பிரிவு எல்லா மொழிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. தேசிய மொழிப் படத்திற்கெனத் தனிப்பரிசும் அமைந்தது. செப்டம்பரில் அச்சிறந்த மலேசியப் படமாக ‘ஜகாட்’ தேர்வுபெற்றது.

மொழிவாரிப் பரிசே தீது என்று வாதிடுவாரும் உளர். அவர் கருத்து எமக்கு உடன்பாடன்று. இந்தியத் தேசிய விருதுகளில் தமிழ்ப்படத்திற்கெனத் தனிப்பரிசு உண்டு. ஆயினும் தங்கத் தாமரைக்குரிய வாயில் எம்மொழிக்கும் அடைபடவில்லை. 1990ஆம் ஆண்டிற்கான சிறந்த படமாகச் சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ தேர்வுபெற்றது. தமிழுக்கு அப்பெருமை கிட்டியது அதுவே முதன்முறை. அவ்விருதுகள் தொடங்கி ஏறத்தாழ நான்கு பதின்மம் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. வாயில் திறந்திருப்பது ஒன்று. உள்ளே புகும் தகுதியுடைய படைப்பைப் பெற்றிருப்பது மற்றொன்று. தனிப்பரிசு நாற்றங்கால் போன்றது. நாற்றைப் பிடுங்கி வயலில் நட இடந்தராத உழவன் எதற்காக விதைத்தான்?

அமெரிக்க ஆஸ்கரிலும் அயல்மொழிப் படத்திற்குத் தனிப்பிரிவு உண்டு. எனினும் 2020இல் கொரிய மொழிப் படமான ‘பாரசைட்’ அப்பிரிவின் பரிசோடு சிறந்த படத்திற்கான தலைமைப் பரிசையும் வென்றது. 2021இல் ராட்டர்டாம் விழாவில் வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ புலி விருது பெற்றபோது, தமிழறியா நடுவர்க்கு வறண்ட நிலமும் தந்தையும் மகனும் நடக்கும் நடையுமே போதுமானவையாக இருந்தன.

நம்மிடமும் ஒரு குறையுண்டு. விருதுச் செய்தி வந்த நாளில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பெருமை பேசியவர் பலர்; படத்தை அரங்கிற் கண்டவர் அவருள் எத்துணையர்? மேடையில் வாழ்த்துவது எளிது, நுழைவுச்சீட்டு வாங்குவதுதான் நமக்குக் கடினமாயிருக்கிறது. எழுத்தாளர் நூல்களுக்கும் இதே நிலைதான். அதனை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. தமிழ்ப்பள்ளியின் உயர்நிலை மாணவர்க்கு ஆசிரியர் உடனிருந்து ‘ஜகாட்’டைக் காட்டி, அப்போயைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லலாம். மாதிரிக் கட்டுரை மட்டும் கொடுக்க வேண்டா.