பேசாத சாராயம்

குடியின் ருசி பற்றி எழுதுகிறேன் என்றதும் தோழர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். குடியால் விழும் சாவுகளைப் பற்றி எழுதலாம், அரசின் மதுக்கொள்கையைப் பற்றி எழுதலாம், ருசியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. நான் சொல்ல வருவது, ருசியைப் பற்றிப் பேச முடியாமல் ஆக்கப்பட்டதும் அந்த மதுக்கொள்கையின் வேலைதான் என்பது. தீர்ப்புச் சொல்லத் தெரியாத நாக்கு, கொடுத்ததைக் குடிக்கும்.

அயர்லாந்திலிருந்து நண்பர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்த புட்டி இந்தக் கட்டுரைக்குக் காரணம். டீலிங் சிங்கிள் பாட் ஸ்டில் விஸ்கி. டப்ளினில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் புதிய வடிசாலை எதுவும் எழாமல் இருந்து, 2015இல் திறக்கப்பட்டது இந்த வடிசாலை. அங்கே வடித்த சரக்கு முதன்முதலாக 2018இல் வெளிவந்தது. முளைகட்டிய பார்லி பாதி, முளைகட்டாத பச்சைப் பார்லி பாதி; செம்புப் பானையில் மூன்று முறை வடித்தது; வீரியம் 46 சதவிகிதம். அயர்லாந்துச் சட்டப்படி மரப்பீப்பாயில் 3 ஆண்டு கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர். இது அந்த வரம்பைத் தாண்டிச் சற்றே வந்த இளசு.

மேனாட்டு விமர்சகர்கள் இதில் பேரிக்காயையும் பீச் பழத்தையும் காண்கிறார்கள். பீச் பழத்தை நான் டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன். என் மூக்குக்கு முதலில் வந்தது பச்சரிசி இடித்த உரலின் வாசம். பிறகு தச்சுப்பட்டறை, இழைப்புளி தள்ளிய புதுச் சீவல். வாயில் வைத்ததும் நாக்கின்மேல் நல்லெண்ணெய் தடவினாற்போல ஒரு வழவழப்பு படிகிறது. இது பச்சைப் பார்லியின் உபயம். இந்த வகையின் அடையாளமே அதுதான். அதற்குப் பின்னால் வெள்ளை மிளகின் காரம். குறை எங்கே என்றால், தானியமும் மரமும் இன்னும் ஒன்றுகூடவில்லை. தகராறு முடியாத சம்பந்திகள் மாதிரி பந்தியில் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. தொண்டையில் சுள்ளென்று ஒரு கடி. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் கடி அடங்கி இனிப்பு மேலே வருகிறது. நல்ல சரக்குதான், அவசரமாகப் புட்டியில் அடைக்கப்பட்ட நல்ல சரக்கு.

இந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை வரிவசூலில் போய் நிற்கிறது. 1785இல் பிரிட்டிஷ் ஆட்சி அயர்லாந்தில் முளைகட்டிய தானியத்துக்கு வரி போட்டது. வரியைக் குறைக்க வடிப்பவர்கள் முளைகட்டாத பார்லியை அதிகமாகக் கலக்கத் தொடங்கினார்கள். ஏய்ப்பு பழக்கமானது, பழக்கம் ருசியானது, ருசி இன்று புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வரிக்கு ஒளிந்து குடிசையில் காய்ச்சப்பட்ட அவர்களுடைய பொட்டீன் என்ற சாராயமும் அப்படித்தான். முந்நூறு ஆண்டுக்குமேல் கள்ளச்சரக்காக இருந்து 1997இல் உள்ளூர் விற்பனைக்கு அனுமதி பெற்றது, 2008இல் குறியீடும் பெற்றது. தூய ருசி, மரபான ருசி என்பதெல்லாம் பின்னால் எழுதிச் சேர்த்த பிரதிகள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு கிளைக்கதை நமக்கு நெருக்கமானது. ஈனியஸ் காஃபி, ஆயத்தீர்வை அதிகாரியாக வேலைபார்த்த அயர்லாந்துக்காரர், 1830இல் தொடர்ந்து வடிக்கும் தூண்வடிகலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவு, வேகம், இரவுபகல் ஓடும். வருகிற ஆவியில் தானியத்தின் குணம் பெரும்பாலும் கழிந்துபோகும். டப்ளினின் பெரிய பானைவடிப்பு முதலாளிகள் நான்கு பேர் இதை எதிர்த்து 1878இல் ஒரு புத்தகமே போட்டார்கள். அவர்கள் தரப்பு ஒன்றும் புனிதமானதல்ல. சந்தை கைவிட்டுப் போகிற பயம். ஆனால் அந்தச் சண்டையில் புழங்கிய ஒரு சொல் எனக்கு முக்கியம். தூண்கலத்துச் சரக்கை அவர்கள் 'பேசாத சாராயம்' என்றார்கள். எந்தத் தானியத்திலிருந்து வந்தேன் என்று அது சொல்லாது.

காஃபியின் கலத்துக்கு அயர்லாந்து முகம் திருப்பியது, ஸ்காட்லாந்து வாங்கிக்கொண்டது. அதன் வாரிசுகள்தாம் நம் கரும்பாலைகளை ஒட்டி நிற்கின்றன. டாஸ்மாக்கில் விஸ்கி என்று கைக்கு வரும் மலிவுச் சரக்கின் பெரும்பகுதி கழிவுப்பாகிலிருந்து வடித்த ஊமைச் சாராயம். நிறமும் வாசனையும் பின்னால் சேர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இதை விஸ்கி என்று விற்க அனுமதிப்பதில்லை. நம் ஊரில் குடிப்பவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சரக்கு'. சரியான பெயர்தான், வெறும் பண்டம். அளவுக்குச் சொல் இருக்கிறது: குவாட்டர், ஆஃப், கட்டிங். ருசிக்குச் சொல் இல்லை. 'எப்படி இருக்கு?' என்றால் 'ஏறுது', 'ஏறல' என்பதோடு விமர்சனம் முடிந்தது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. சங்கப் பாட்டில் கள், நறவு, மட்டு, தேறல், தோப்பி என்று தனித்தனிச் சொற்கள். தேறல் என்றாலே தெளிந்தது என்று பொருள். மூங்கில் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறலும் அங்கே வருகிறது; பீப்பாய்க்கு அயலார் காப்புரிமை கோர வேண்டாம். இவை புலவர்கள் சொற்கள் என்றால், பனையேறியின் சொற்கள் நேற்றுவரை புழங்கியவை. ஆண்பனைக் கள், பெண்பனைக் கள், காலைக்கள், அந்திக்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். விஸ்கி வயதை ஆண்டில் எண்ணுகிறது, கள் மணியில் எண்ணுகிறது. இறக்கிய சூட்டில் இனிப்பு, உச்சிவேளைக்குள் நுரையும் புளிப்பும், மறுநாள் கடுப்பு, அப்புறம் காடி. இளசு, முற்றல் என்று நாக்கு தீர்ப்புச் சொல்லப் பழகிய பள்ளிக்கூடம் அது.

பள்ளிக்கூடத்தை மூடியது யார்? 1948 அக்டோபர் 2இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுக்க விரிந்தது. அடுத்த ஆண்டு முதலமைச்சராகி 1952 வரை அதைக் காத்தவர் நம் பக்கத்து ஊர் ராஜபாளையத்துக்காரர், பூ. ச. குமாரசாமி ராஜா. அந்தக் காந்தியத்தின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. பின்னால் நடந்ததுதான் தந்திரம். 1971இல் திறந்து, 1973-74இல் மூடி, 1981இல் திறந்து, கடைசியில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மட்டும் நின்றன. தொழிற்சாலைச் சரக்கு நிற்கவில்லை. 2003இல் அதன் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்குப் போனது. அரசு முத்திரையில் உள்ள கோபுரம் எங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று இந்த ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த அரசுதான் கடைக்காரர். மரத்திலிருந்து இறங்குவது குற்றம், ஆலையிலிருந்து வருவது வருவாய்.

கள்ளை உயர்த்திப் பேசும்போது ஒரு கண்ணி உண்டு. பனையேறிகளைச் சாதிச் சமூகம் எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பதை மறந்துவிட்டு 'பாரம்பரிய பானம்' என்று உருகுவது மேட்டிமை ரசனை. மரத்தை விட்டு இறங்கியது நாடார்களுக்கு விடுதலையின் ஒரு பகுதி. 1899 சிவகாசிக் கலவரம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த சங்கதி. யாரையும் மறுபடி மரமேற்ற நான் வாதாடவில்லை. ஏறுகிறவர் இறக்குவதைக் குற்றம் ஆக்காதீர்கள் என்கிறேன்.

பெண்கள் தரப்பின் கேள்வி இதைவிடக் கடினமானது. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறபோது அது தானியமா கழிவுப்பாகா என்று அவள் பார்ப்பாளா? பார்க்கமாட்டாள். ருசி தெரிந்த குடிகாரன் அடிக்கமாட்டான் என்று நம்பவும் ஆதாரம் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனாலால். அதை நாக்கால் பிரித்தறிய முடியாது. எவ்வளவு பழகிய நாக்கும் அங்கே தோற்கும். அதைத் தடுக்க வேண்டியவை பரிசோதனைக்கூடமும் கண்காணிப்பும். என் வாதம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதைத் தள்ளிக்கொண்டு மேலே போக விரும்பவில்லை.

ஆனால் பேசும் நாக்கு இந்த ஊரில் இல்லாமல் இல்லை. பால்கோவாவில் அதைப் பார்க்கலாம். 2019இல் குறியீடு வாங்கிய பண்டம். தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சீனி தூக்கல், பால் சுண்டியது போதாது, அடிப்பிடித்திருக்கிறது, நேற்றையது என்று துல்லியமாகத் தீர்ப்புச் சொல்வார்கள். கடைக்காரர் அதற்குப் பயப்படுவார். வெளிச்சத்தில் வைத்துத் தின்னலாம், வீட்டில் பேசலாம், குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் அந்த மொழி வளர்ந்தது. டாஸ்மாக் கம்பிவலைக்குள் கையை நீட்டுகிறவர் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

அயர்லாந்தில் இப்போதும் சண்டை நடக்கிறது. சிங்கிள் பாட் ஸ்டில்லில் பார்லி தவிர்த்த தானியம் 5 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. பழைய கலவைகளில் ஓட்ஸ் இதைவிட அதிகம் இருந்ததே, யாருடைய வரலாற்றைச் சட்டமாக்கினீர்கள் என்று சிறு வடிப்பாளர்கள் கேட்கிறார்கள். ஒரு பிடி ஓட்ஸுக்கு இத்தனை விமர்சனம். காலைக்கள்ளையும் அந்திக்கள்ளையும் அருகருகே வைத்துக் குடித்துப் பார்த்து இது தேவலை, இது ஆகாது என்று எழுதிய ஒரு பக்கத்தை நவீனத் தமிழில் நான் படித்ததில்லை. இன்று எழுத நினைத்தால் செங்கோட்டை வழியே புளியரையைத் தாண்டி, கள்ளுக்கு உரிமம் கொடுக்கும் கேரளத்துக்குள் போய் உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.